முன்பனியும் எங்கள் முகமும்

எங்கள் விடுதிக்குப் பனிக்காலம் வந்துவிட்டதை முதலில் அறிவிப்பது நாட்காட்டி அன்று. தேங்காய் எண்ணெய்ப் புட்டிதான். கார்த்திகைக் கடைசியில் ஒரு நாள் விடியற்காலையில் எழுந்து, தலைவாருவதற்காகப் புட்டியைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் விழாது. உள்ளே எண்ணெய் வெள்ளை வெளேரென்று உறைந்து கிடக்கும். ஈர்க்குச்சியால் குத்திப் பார்ப்போம். உள்ளங்கைகளுக்கிடையே வைத்து உருட்டுவோம். சமையற்கட்டு அக்காவிடம் கெஞ்சி, வெந்நீர் அண்டாவின் மூடிமேல் வைத்து உருக்கி வருவோம். தேங்காய் எண்ணெய் உருகுவதற்கு ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும் என்று வேதியியல் ஆசிரியை சொன்ன நாளிலிருந்து அந்தப் புட்டியே எங்களுக்கு வெப்பமானி ஆயிற்று. மார்கழி, தை மாதங்களில் மதுரையின் அதிகாலை வெப்பம் 20, 21 டிகிரி வரை இறங்கும். பகலிலோ 30 டிகிரியைத் தொட்டுவிடும். கொடைக்கானலிலிருந்து வந்து எங்களோடு தங்கிப் படிக்கும் தோழியர் இதைக் கேட்டு, "இதுக்குப் பேரு குளிரா?" என்று வயிறு குலுங்கச் சிரிப்பார்கள்.

சிரிக்கட்டும். ஆனால் நம் முன்னோர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தபோது, மார்கழியையும் தையையும் முன்பனி என்றும், மாசியையும் பங்குனியையும் பின்பனி என்றும் சொல்லி, பனிக்கென்று நான்கு மாதங்களை ஒதுக்கினார்கள் அல்லவா? 'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்று எங்கள் அப்பத்தாக்கள் இன்றும் சொல்கிறார்கள். தரையையும் மச்சையும் துளைக்கும் பனி எங்கள் முகத்தை மட்டும் விட்டுவிடுமா?

முதலில் உதடு வெடிக்கும். பிறகு முழங்காலுக்குக் கீழே தோல் சாம்பல் பூத்தாற்போல் ஆகும். நகத்தால் கீறினால் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதியதுபோல் வெள்ளைக் கோடு விழும். இரவுப் படிப்பு நேரத்தில் ஒருத்தியின் காலில் மற்றொருத்தி கணக்கே போட்டுப் பார்த்திருக்கிறோம். குதிகாலில் வெடிப்பு வரும். கன்னம் சொரசொரக்கும். குளித்துவிட்டு வந்து சிரித்தால் தோல் இழுத்துப் பிடிக்கும். ஆனால் அதே முகத்தில் நெற்றியும் மூக்கும் மட்டும் எண்ணெய் வடிந்து மின்னிக்கொண்டிருக்கும். பருவும் அங்கேதான் முளைக்கும். நெற்றியில் சித்திரை, கன்னத்தில் மார்கழி! கன்னத்துக்கு எதையாவது தடவினால் நெற்றி கோபித்துக்கொள்ளும். நெற்றிக்காகச் சோப்புப் போட்டுத் தேய்த்தால் கன்னம் தோல் உரியும். இத்தகைய தோலைக் கலப்புச் சருமம் என்று சொல்வார்கள் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. எங்கள் முகத்தில்தான் ஏதோ கோளாறு என்று எண்ணியிருந்தோம்.

சென்ற ஆண்டு, நாங்கள் பதினோராம் வகுப்பில் இருந்தபோது, அந்தக் கோளாற்றைச் சரிசெய்ய எங்கள் விடுதி அறை ஒரு பெரிய வைத்தியசாலையே ஆகிவிட்டது. மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள் பயற்றம்பருப்பு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ எல்லாம் சேர்த்து அரைத்த குளியல் பொடியை ஒரு தூக்கு நிறையக் கொண்டுவந்தாள். உசிலம்பட்டிக்காரி நல்லெண்ணெயே சகல நோய்க்கும் மருந்து என்றாள். நகரத்துப் பெண் கிளிசரினையும் பன்னீரையும் கலந்து சிறு சீசாவில் வைத்திருந்தாள். யாரோ சொன்னார்கள் என்று பருவின்மேல் பற்பசை வைத்தோம். காலையில் பரு அப்படியே இருந்தது, சுற்றியிருந்த தோல்தான் வெந்து போயிற்று. எலுமிச்சம்பழச் சாற்றைப் பிழிந்து பூசிக்கொண்டு வெயிலில் உலர்ந்த இருவர், மறுநாள் தேர்வறையில் கன்னத்தில் கைக்குட்டையை ஒற்றிக்கொண்டே எழுதினார்கள். நெற்றி எண்ணெய் போகவேண்டுமென்று ஒரு நாளைக்கு ஆறு முறை சோப்புப் போட்டவர்களும் உண்டு. எங்கள் விடுதியில் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர். கடின நீரில் சோப்பு நுரைக்காமல் கசடாகத் தோலில் படியும் என்று பாடத்தில் படித்து மதிப்பெண்ணும் வாங்கியிருந்தோம். அந்தக் கசடு எங்கள் கன்னத்திலேயே படிகிறது என்பது மட்டும் உறைக்கவில்லை.

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. இனிச் சொல்லப்போவது அப்படிப்பட்டதன்று. சொல்லலாமா வேண்டாமா என்று நீண்ட நேரம் பேசி, சம்பந்தப்பட்ட தோழியே "எழுதுங்கடி, தங்கச்சிகளுக்கு உதவும்" என்று சொன்ன பிறகே எழுதுகிறோம்.

அவள் சோழவந்தான் பக்கத்துக் கொடிக்கால் குடும்பத்துப் பெண். எங்கள் எல்லாரையும்விட அவளுக்குத்தான் நெற்றியில் எண்ணெயும் பருவும் அதிகம். கன்னம் அதிகம் வறண்டது. நாங்கள் அவளுக்கு 'வடைச்சட்டி' என்று ஒரு பெயர் வைத்திருந்தோம். அன்பாகத்தான் வைத்தோம் என்று அப்போது சொல்லிக்கொண்டோம். அவளும் கூடவே சிரித்தாள். அவள் சிரித்ததால் அவளுக்கு வலிக்கவில்லை என்று முடிவு செய்துவிட்டோம்.

தை மாதம் அவளுடைய அக்காவுக்குத் திருமணம். கார்த்திகையில் வீட்டுக்குப் போய் வந்தபோது, உறவுக்காரப் பெண் ஒருவர், "அக்கா சிவப்பு, நீ ஏன் இப்படிக் கருத்து, பருவும் பரட்டையுமா நிக்கிற?" என்று பத்துப் பேர் நடுவில் கேட்டாராம். ஊருக்குத் திரும்பும் வழியில், மருந்துக் கடை ஒன்றில் சிறு குழாய்க் களிம்பு ஒன்றை வாங்கி வந்தாள். மருத்துவர் சீட்டு இல்லை; கடைக்காரர் கேட்கவும் இல்லை. முதல் வாரத்திலேயே அதிசயம் நடந்தது. பரு அமுங்கியது, கன்னம் பட்டுப்போல் ஆயிற்று, நிறமும் ஒரு படி வெளுத்தது. "எங்கடி வாங்கினே?" என்று நாங்கள்தான் மொய்த்தோம். எங்களில் இருவர் அந்தக் களிம்பையே வாங்கிப் பூசவும் செய்தோம். அந்த நாட்களில் எவரும் அவளை வடைச்சட்டி என்று கூப்பிடவில்லை. அது அவளுக்கு என்ன பாடம் சொல்லியிருக்கும் என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஏழாவது வாரத்தில் கன்னத்தில் செந்நிற நரம்புகள் கோடு கோடாகத் தெரிந்தன. வெயிலில் நின்றால் முகம் நெருப்பாய் எரிந்தது. முகவாயில் பூனைமுடி அடர்ந்தது. பயந்துபோய்க் களிம்பை நிறுத்தினாள். நிறுத்திய நான்காம் நாள், முன்பு நெற்றியில் மட்டும் இருந்த பரு முகம் முழுவதும் கொத்துக் கொத்தாக எழும்பியது. மறுபடி பூசினால் அடங்கியது, விட்டால் எழுந்தது. பொங்கல் விடுமுறையில் அவளைக் கண்ட அப்பத்தா, "ஏ ஆத்தா, மூஞ்சியில என்னத்தைத்தான் தேச்ச? எம்பிள்ளை மூஞ்சி எங்க?" என்று கேட்டு அழுதாராம். அக்காவின் திருமணப் புகைப்படங்களில் அவள் இல்லை. பந்தி பரிமாறும் இடத்திலேயே இரண்டு நாளும் நின்றுவிட்டாள். பள்ளி திறந்ததும், காலைக் கூட்டத்தில் செய்தி வாசிக்கும் முறை வந்தபோது, தொண்டை கட்டிவிட்டது என்று பொய் சொல்லி ஒதுங்கினாள்.

விடுதி சிஸ்டர் அந்தத் தொண்டைக்கட்டை நம்பவில்லை. அவளை அழைத்து உட்கார வைத்து, திட்டாமல், "எனக்கு அந்தக் குழாயைக் காட்டும்மா" என்று மட்டும் கேட்டார்கள். மறுநாளே அவளையும், அதே களிம்பைப் பூசிய எங்களில் இருவரையும் அரசு இராசாசி மருத்துவமனைக்கு, மதுரை மக்கள் பெரியாஸ்பத்திரி என்று சொல்கிறார்களே அங்கே, தோல் நோய்ப் பிரிவுக்கு அழைத்துச் சென்றார்கள். நீண்ட வரிசை. எங்களைப் போலவே முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு நின்ற பெண்கள் பலரை அங்கே பார்த்தோம்.

டாக்டரம்மா குழாயைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார்கள். அதில் இருந்தது ஸ்டீராய்டு என்னும் மருந்து. கரப்பான் முதலிய சில தோல் நோய்களுக்கு, மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை பூசினால் அது நல்ல மருந்தே. முகத்தில் அழகுக்காக வாரக் கணக்கில் பூசினால் தோல் மெலிந்து போகும், இரத்த நாளங்கள் வெளியே தெரியும், பரு பெருகும், முடி வளரும். நிறுத்தினாலோ முகம் சீறி எழும். முதலில் வரும் வெளுப்பும் மினுமினுப்பும் அந்த மருந்து விரிக்கும் வலை. இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018 மார்ச்சில் மத்திய அரசு பதினான்கு வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை அட்டவணை 'எச்' பட்டியலில் சேர்த்தது என்றும், உறையின்மேல் 'ஆர்.எக்ஸ்.' என்ற குறி இருந்தால் அதைத் தானாக வாங்கிப் பூசவே கூடாது என்றும் சொன்னார்கள். வேறொரு ஆபத்தையும் எடுத்துரைத்தார்கள். பெயர் விலாசம் தெரியாத சில வெளுப்புக் களிம்புகளில் பாதரசம் கலந்திருக்கிறது. 2023-ஆம் ஆண்டு கேரளத்து மலப்புறம் மாவட்டத்தில் அத்தகைய களிம்புகளைப் பூசியவர்கள் சிலருக்குச் சிறுநீரகமே நோயுற்றது. முகத்தில் பூசுவது முகத்தோடு நின்றுவிடுவதில்லை!

பிறகு டாக்டரம்மா ஒரு தாளில் முகம் ஒன்றை வரைந்தார்கள். நெற்றியில் குறுக்காக ஒரு கோடு, மூக்கு வழியாக முகவாய் வரை நெடுக்காக ஒரு கோடு. ஆங்கிலத்து 'டி' எழுத்து. "எண்ணெய்ச் சுரப்பிகள் இந்த எழுத்தின்மேல் நெருக்கமாக இருக்கும், கன்னத்தில் குறைவு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ஒன்றுகூடக் கிடையாது. உங்கள் வயதில் அந்தச் சுரப்பிகள் மும்முரமாக வேலை செய்யும். இது நோயில்லை, பிள்ளைகளா. ஒரே வயலில் மேட்டுப் பாத்தியும் பள்ளப் பாத்தியும் இருக்கிற மாதிரி. இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர் பாய்ச்சலாமா?" என்று கேட்டார்கள். கொடிக்கால்காரர் மகள், பல வாரங்களுக்குப் பிறகு, முதன்முறையாகத் தலையை நிமிர்த்தி "பாய்ச்சக்கூடாது" என்றாள்.

தோலின் மேலடுக்கு ஒரு செங்கல் சுவர் போன்றதாம். செல்கள் செங்கல்; இடையிலுள்ள கொழுப்புப் பொருள் சாந்து. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து காற்றில் ஈரம் குறையும்போதும், கொதிக்கும் வெந்நீரிலும் அதிகச் சோப்பிலும் நாம் குளிக்கும்போதும் சாந்து கரைகிறது. உள்ளிருக்கும் ஈரம் கசிந்து போகிறது. சுவர் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும். எனவே எந்தப் பராமரிப்புக்கும் ஒரு மாதமாவது பொறுமை வேண்டும். ஒரே வாரத்தில் அதிசயம் செய்யும் எதையும் சந்தேகிக்க வேண்டும்.

அன்று கற்றதை விடுதி அறைக் கதவின் உட்பக்கம் எழுதி ஒட்டினோம். அதையே இங்கே தங்கைகளுக்காக எழுதுகிறோம்.

முகத்தை நாளொன்றுக்கு இரண்டு முறை கழுவினால் போதும். வெந்நீர் வேண்டாம்; வெதுவெதுப்பான நீரே நல்லது. சோப்பில் காரத்தன்மை உண்டு. நம் தோலோ இலேசான அமிலத்தன்மை உடையது. ஆகையால் மென்மையான சோப்பை நெற்றிக்கும் மூக்குக்கும் முகவாய்க்கும் மட்டும் போட்டு, கன்னத்தை வெறும் நீரால் கழுவினாலும் குறையில்லை. முடிந்தால் கடைசிச் செம்பு நல்ல தண்ணீராக இருக்கட்டும்.

துடைக்கும்போது தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் முழுதும் காயுமுன்பே ஈரப்பசை காக்கும் கிரீமைக் கன்னத்தில் தடவவேண்டும். நெற்றிக்கு விரலில் எஞ்சியது போதும். கிளிசரின் நல்லதே; ஆனால் அது ஈரத்தை இழுக்கும் பொருளாதலால் அப்படியே பூசாமல் நீரோ பன்னீரோ கலந்து, ஈரமான தோலில் பூசவேண்டும்.

தேங்காய் எண்ணெயைக் கைக்கும் காலுக்கும் தாராளமாகத் தேய்க்கலாம். முகத்தில், அதிலும் நெற்றியில், அது துளைகளை அடைத்துப் பருவை வளர்க்கும். தலைக்கு வைக்கும் எண்ணெய் வழிந்து வந்தாலும் அப்படியே. எங்கள் நெற்றிப் பருக்களில் பாதிக்குக் காரணம், வழிய வழிய எண்ணெய் வைத்துப் படிய வாரிய எங்கள் இரட்டைச் சடைதான் என்று அறிந்து வியந்தோம். எண்ணெயை அளவாக வையுங்கள். தலையணை உறையை வாரந்தோறும் துவையுங்கள்.

குளியல் பொடியைக் கன்னத்தில் போட்டுத் தேய்த்தால் வறண்ட தோல் மேலும் புண்படும். கை கால்களுக்கு மென்மையாகப் பயன்படுத்தலாம். பற்பசை பல்லுக்கு, எலுமிச்சம்பழம் சாதத்துக்கு.

உதட்டை நாவால் நனைக்காதீர்கள். நனைக்க நனைக்க அது மேலும் வெடிக்கும். வாசலின் தடவினால் போதும். இந்த வாசலினுக்கும் ஒரு கதை உண்டு. ராபர்ட் செஸ்பிரோ என்னும் அமெரிக்க வேதியியலார் 1859-இல் பென்சில்வேனியாவின் எண்ணெய்க் கிணறுகளைக் காணச் சென்றார். அங்கே கருவிகளில் படியும் மெழுகைத் தொழிலாளர்கள் தங்கள் காயங்களுக்குப் பூசுவதைக் கண்டார். அதைத் தூய்மைப்படுத்தி 1872-இல் காப்புரிமை பெற்றார். இரவில் குதிகாலை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துத் துடைத்து, இதையே தடவிக் காலுறை போட்டுக்கொண்டால் வெடிப்பு மெல்ல ஆறும்.

பனிக்காலம்தானே என்று வெயிலை அலட்சியம் செய்யாதீர்கள். மதுரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில்தான் இருக்கிறது. மார்கழிப் பகலும் இங்கே வெயில்தான். குடை பிடிக்க வெட்கம் வேண்டாம். தாகத்துக்குத் தண்ணீர், பருவத்துக்கு நெல்லிக்காய், கொய்யா, கீரை. பருவைக் கிள்ளாதீர்கள். ஒரு மாதம் பொறுத்தும் அடங்காவிட்டால் பெற்றோரிடம் சொல்லி மருத்துவரிடம் செல்லுங்கள். மருந்துக் கடையையோ தோழியின் அலமாரியையோ தேடிச் செல்லாதீர்கள்.

இவ்வளவும் எழுதி ஒட்டிய பிறகும் ஏதோ விட்டுப்போனதாகத் தோன்றியது. அவளை அந்தக் கடைக்கு அனுப்பியது வறண்ட கன்னமா? இல்லை. 'கருத்து' என்று ஒருவர் சொன்ன சொல்லும், 'வடைச்சட்டி' என்று நாங்கள் சொன்ன சொல்லும் அல்லவா? நம் நாட்டில் 1975-இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற பெயரில் விற்பனைக்கு வந்த கிரீம், 2020-இல் 'குளோ அண்ட் லவ்லி' என்று பெயர் மாறியது. சென்னையில் கவிதா இம்மானுவேல் என்பவர் தொடங்கிய 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு, கருமையும் அழகே என்னும் இயக்கத்தை 2009-இல் ஆரம்பித்து நாடு முழுதும் பேசவைத்தது. உறையில் பெயர் மாறிவிட்டது. நம் வாயில் மாறிவிட்டதா? திருமண வீட்டில், பேருந்தில், ஏன், எங்கள் விடுதி அறையிலும் நிறத்தைச் சொல்லித்தானே ஒருத்தியை இன்னாள் என்று அடையாளம் காட்டுகிறோம்?

அன்றிரவே அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். அவள் உடனே சிரித்துவிடவில்லை. "நீங்க கூப்பிட்டப்பல்லாம் சிரிச்சேன்ல, இப்ப கொஞ்ச நாள் சிரிக்காம இருந்துக்கிறேன்" என்றாள். அது நியாயமாகவே பட்டது.

மருத்துவமனையில் சொன்னபடி களிம்பைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினாள். இரண்டு மாதம் முகம் படாத பாடு பட்டது. கோடை வந்தது, பள்ளி திறந்தது, நாங்கள் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்தோம். ஆடி மாதத்தில்தான் பரு அடங்கத் தொடங்கியது. இன்றும் கடும் வெயிலில் நின்றால் அவளுடைய கன்னம் சிவந்து எரிகிறது. அது முழுதும் ஆற இன்னும் காலமாகும் என்கிறார்கள். அவளோடு களிம்பு பூசிய எங்கள் இருவருக்கும் சில வாரங்களிலேயே சரியாகிவிட்டது. குறைந்த நாள் பூசியதால் தப்பினோம். அறிவாளிகளாக இருந்ததால் அன்று.

இந்த ஆண்டும் கார்த்திகைக் கடைசியில் எண்ணெய் உறைந்தது. அன்று காலைக் கூட்டத்தில் செய்தி வாசிக்கும் முறை அவளுடையது. போகுமுன் கண்ணாடி முன் நின்று, கன்னத்துக்குக் கொஞ்சம் கிரீம், உதட்டுக்குக் கொஞ்சம் வாசலின் தடவிக்கொண்டாள். நெற்றியில் ஒரு புதுப் பரு இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இருந்துட்டுப் போகுது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அவள் வாசித்த செய்தி கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

அன்புத் தங்கையரே, நம் முகம் நமக்கு வாய்த்த வயல். மேடும் பள்ளமும் அதில் உண்டு. மேட்டுக்கு மேட்டின் பாட்டையும் பள்ளத்துக்குப் பள்ளத்தின் பாட்டையும் பாருங்கள். மதிப்பிற்குரிய பெற்றோர்களே, பிள்ளையின் முகத்தைப் பற்றிப் பத்துப் பேர் நடுவில் யாரேனும் ஒரு சொல் சொன்னால், அந்த இடத்திலேயே அவளுக்காக ஒரு சொல் சொல்லுங்கள். அதற்கு ஈடான களிம்பு எந்தக் கடையிலும் இல்லை.

– பன்னிரண்டாம் வகுப்பு விடுதி மாணவியர்